விறகு தீர்ந்ததால் அணைந்த உலை

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் வழியில் பி.முட்லூரில் கிழக்கே திரும்பினால் பரங்கிப்பேட்டை. மீனுக்கும் கடல் உயிரியல் ஆய்வு மையத்துக்கும் பெயர் பெற்ற ஊர். இந்தியாவில் ஐரோப்பிய முறையில் பெரிய அளவில் இரும்பு உருக்கிய முதல் ஆலைகளுள் ஒன்று 1830இல் இங்கேதான் தொடங்கியது என்பது நம் வணிகர்களிலேயே பலருக்குத் தெரியாது.

தொடங்கியவர் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற ஆங்கிலேயர். கிழக்கிந்தியக் கம்பெனியின் பெரிய உத்தியோகத்தை உதறிவிட்டுத் தொழிலில் இறங்கினார். பறவை, விலங்குகளில் ஆசை உள்ளவர். லண்டனுக்கு அவர் அனுப்பியவற்றுள் ஒரு மஞ்சள் வௌவாலுக்கு 1831இல் அவர் பெயரையே வைத்தார்கள்.

சர்க்கார் கடன் கொடுத்தது. விறகு வெட்டும் உரிமையும் கொடுத்தது. ஏற்றுமதிக்குத் துறைமுகம் வாசலிலேயே இருந்தது. ஆனால் இரும்புக்கல் வரவேண்டியதோ சேலத்து மலைகளிலிருந்து. வண்டியில் காவிரிக்கு வந்து, பரிசலில் கொள்ளிடம் இறங்கி, கான்சாகிப் வாய்க்கால் வழியாகப் பரங்கிப்பேட்டை வந்து சேரும். வண்டிச் சத்தம் கொடுத்தே பழகிய நமக்கு இந்தக் கணக்கு உடனே புரியும்.

அதைவிடப் பெரிய செலவு கரி. உலை எரிந்தது மரக்கரியில். ஒரு டன் இரும்புக்குப் பல டன் கரி வேண்டும். அதற்கு அதைப்போல் பல மடங்கு விறகு. பக்கத்துக் காடு தீர்ந்ததும் அடுத்த காடு, அதுவும் தீர்ந்ததும் இன்னும் தொலைவு. வெட்டினார்களே தவிர, வெட்டிய இடத்தில் மரம் வளர்ந்து வரும் வரை காத்திருக்க உலைக்கு நேரமில்லை. சரக்கின் தரத்தில் குறையில்லை, ஷெப்பீல்டு எஃகுக்காரர்களே வாங்கினார்கள். அடக்கவிலைதான் கட்டவில்லை.

ஹீத் இங்கிலாந்து திரும்பி, எஃகில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839இல் காப்புரிமை வாங்கினார். ஷெப்பீல்டில் எஃகு விலையே இறங்கியது. அவருடைய ஏஜெண்டாக இருந்தவரே முறையைச் சிறிது மாற்றிக்கொண்டு, பணம் தர மறுத்தார். வழக்கிலேயே கைப்பொருள் கரைந்து 1851இல் ஹீத் இறந்தார். தீர்ப்பும் 1855இல் அவருக்கு எதிராகவே வந்தது. காப்புரிமை, வர்த்தகச் சின்னம் என்று நாம் இன்று வக்கீலிடம் போகும்போது நினைத்துக்கொள்ள வேண்டிய கதை இது.

சென்னை மாகாணத்தில் வனத்துறை ஏற்பட்டது 1856இல். கிளெக்கார்ன் என்ற டாக்டர் அதன் முதல் தலைவர். அதற்குள் பரங்கிப்பேட்டை ஆலைக்குக் கரி கிடைப்பதே குதிரைக்கொம்பாகிவிட்டது. 1860களில் உலை அணைந்தது.