கைமாறும் கருவியும் ஆறாம் வேற்றுமையும்

‘கண்ணனது கை’, ‘கண்ணனது மிதிவண்டி’ என்னும் இரண்டும் ஆறாம் வேற்றுமைத் தொடர்களே. எனினும் இலக்கண நூலார் இவற்றை ஒரு நிகராகக் கொண்டிலர். முன்னையது தற்கிழமை, பின்னையது பிறிதின்கிழமை. கை கண்ணனை விட்டுப் பிரியாது. மிதிவண்டி பிரியும், விலைக்கும் போகும். இப்பாகுபாட்டை வகுப்பறையில் விளக்கும் ஆசிரியரிடம், இக்காலத்துப் பொருளொன்றைக் காட்டி, “ஐயா, இஃது எதன்பாற் படும்?” என மாணவன் வினவினால் விடையிறுத்தல் எளிதன்று.

கூலிம் வட்டாரத் தோட்டங்களில் பால்வெட்டுத் தொழிலாளி ஒருவர் தம் பழைய மிதிவண்டியை அடுத்த லயத்தாருக்கு விற்றால், பணம் கைமாறும், வண்டி கைமாறும், அத்துடன் காரியம் முடிந்தது. வண்டியைச் செய்த கம்பெனியாருக்கு இரண்டாவது உடைமையாளர் இன்னார் என்பதே தெரியாது. மிதிவண்டிக்கு உரிமத் தகடு கொடுத்துக் கட்டணம் பெற்ற மன்றத்தாரும் ஊராட்சியின் பொருட்டுப் பெற்றனரேயன்றி, வண்டியைச் செய்தவர் என்ற முறையிற் பெற்றிலர்.

அமெரிக்காவில் 2012இல் தோன்றிய பெலோட்டன் நிறுவனம் செய்யும் மிதிவண்டியோ வேறு வகையானது. அது வீட்டினுள் ஓரிடத்தில் நிற்பது, உடற்பயிற்சிக்கென மிதிப்பது. அதன் முகப்பில் திரையொன்று உண்டு. இணையத்தின் வழியே பயிற்சியாசிரியர் அத்திரையில் தோன்றி வகுப்பு நடத்துவார். வகுப்புகளுக்குத் திங்கள்தோறும் சந்தா செலுத்தல் வேண்டும்; 2024இல் அது அமெரிக்க நாட்டில் 44 டாலர். சந்தா இன்றியும் மிதிக்கலாம்; ஆயின் இப்பொருளை விரும்பி வாங்குவதற்குரிய காரணம் பெரும்பாலும் அவ்வகுப்புகளே.

2024 ஆகஸ்டில் அந்நிறுவனம் ஒரு புதிய விதியை அறிவித்தது. ஒருவர் பயன்படுத்திய வண்டியை மற்றொருவர் அவரிடமிருந்தே விலைக்கு வாங்கிச் சந்தாவில் சேரவேண்டுமாயின், ஒருமுறைக் கட்டணமாக 95 டாலர் செலுத்தவேண்டும். கனடாவிலாயின் அந்நாட்டு நாணயத்தில் 125 டாலர். புதிய உறுப்பினரைச் செவ்வனே வரவேற்றுப் பழக்குதற்கே இக்கட்டணம் என்பது நிறுவனத்தார் கூறிய காரணம். வகுப்பு நடத்தும் செலவுக்கன்றோ மாதச் சந்தா? அதற்கு மேலும் கைமாற்றத்துக்கென ஒரு வரியா என்று கேட்பாருக்கு இவ்விடை போதுமானதாக எமக்குத் தோன்றவில்லை. நிலம் கைமாறும்போது நில அலுவலகம் கட்டணம் பெறுகிறது. உரிமைப் பதிவேட்டைக் காப்பது அரசு ஆதலின் அது பொருந்தும். ஈண்டு விற்றவனே நில அலுவலகமும் ஆகிவிட்டான்.

இத்தகைய முயற்சி உலகிற்குப் புதியதன்று. அமெரிக்கப் புத்தக வெளியீட்டாளரான பாப்ஸ்-மெரில் கம்பெனியார், தம் நாவலை ஒரு டாலருக்குக் குறைத்து எவரும் விற்றலாகாது என நூலிலேயே அச்சிட்டனர். ஒரு கடைக்காரர் குறைத்து விற்றார், வழக்கு மூண்டது. முதல் விற்பனையோடு பதிப்புரிமையாளரின் விற்பனைக் கட்டுப்பாடு தீர்ந்துவிடுகிறது என 1908இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தீர்த்தது. பழைய பாடநூலை நாம் தடையின்றி விற்பதும் வாங்குவதும் இக்கொள்கையின்பாற்பட்டனவே. 2013இலும் அதே நீதிமன்றம், தாய்லாந்தில் வாங்கிய பாடநூல்களை அமெரிக்காவில் விற்ற மாணவர் பக்கமே நின்றது.

அங்ஙனமாயின் பெலோட்டன் கட்டணம் எவ்வாறு நிற்கிறது? நூலை வாங்கியவன் எழுத்தையும் தாளோடு பெறுகிறான். வண்டியை வாங்கியவனோ இரும்பையும் திரையையும் மட்டுமே பெறுகிறான். வகுப்புகள் நிறுவனத்தின் கணினியில் உள்ளன. உடல் பிறிதின்கிழமையாய்ப் பிரிந்து வந்தது. உயிர் செய்தவனுக்குத் தற்கிழமை போலவே நின்றுவிட்டது. முதல் விற்பனைக் கொள்கை உடலை மட்டுமே காக்கும்.

உடலுங்கூட முற்றும் தப்புவதில்லை. அந்நிறுவனத்தின் ஓட்டப்பொறி ஒன்று, குழந்தையொன்று இறந்தமையாலும் பலர் காயமுற்றமையாலும், 2021 மே மாதத்தில் திரும்பப் பெறப்பட்டது. பின்னர்ப் பாதுகாப்பின் பொருட்டுப் பூட்டுக்குறி முறையொன்றைப் புகுத்தினர். அதனால் மாதம் 39 டாலர் சந்தா செலுத்தாதவர் தம் வீட்டில், தாம் விலைகொடுத்து வாங்கிய பொறியில், வெறுமனே ஓடவும் இயலாது போயிற்று. எதிர்ப்பு எழுந்தது, நிறுவனத்தார் வருத்தம் தெரிவித்து மூன்று மாதச் சந்தாவை விலக்கினர். வேலையுள்ளவரை வீடு, வேலை போயின் வீடும் போம் என்னும் லயத்து வாழ்க்கையை அறிந்தவருக்கு இந்நிலை புரியாததன்று.

பெலோட்டன் நம் நாட்டில் கடை திறக்கவில்லை. எனினும் இணையத்தோடு கட்டுண்ட கைக்கடிகாரமும் கண்காணிப்புப் படக்கருவியும் நம் இல்லங்களிற் புகுந்துவிட்டன. இத்தகைய பொருள்களுக்கு வேண்டிய சில்லுத் தொழிலும் தொலைவில் இல்லை. 1996இல் திறக்கப்பட்ட கூலிம் உயர்தொழில்நுட்பப் பூங்காவில், அக்கட்டண அறிவிப்பு வந்த அதே 2024 ஆகஸ்டில், இன்பினியன் நிறுவனம் புதிய சில்லு ஆலையொன்றைத் தொடக்கியது.

நம் சட்டம் என்ன சொல்கிறது? 1957ஆம் ஆண்டுப் பொருள் விற்பனைச் சட்டத்தின் 14ஆம் பிரிவு, விற்பவனுக்கு விற்கும் உரிமை இருத்தல் வேண்டும் என்றும், வாங்குபவன் பொருளை இடையூறின்றித் துய்த்தல் வேண்டும் என்றும், அப்பொருள் மூன்றாமவரின் பற்றுக்கு உட்படாதிருத்தல் வேண்டும் என்றும் கொள்கிறது. செய்தவன் வகுப்புக்கு வாயிலடைப்பது ‘இடையூறு’ ஆகுமா என்பது ஐயம். பொருளையே பூட்டுவது ஆகும் என வாதிட இடமுண்டு. 1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 37ஆம் பிரிவு பழுதுபார்க்கும் வசதிக்கும் உதிரிப் பாகங்களுக்கும் உற்பத்தியாளரைப் பொறுப்பாக்குகிறது. தொலைவிலுள்ள கணினியைத் தொடர்ந்து இயக்கவேண்டும் என்ற சொல் அப்பிரிவில் இல்லை. நேர்மையற்ற ஒப்பந்த விதிகள் குறித்து 2010இல் ஒரு பகுதி அச்சட்டத்திற் சேர்க்கப்பட்டது. எம் கருத்தில், இத்தகைய கைமாற்றுக் கட்டணம் இங்கு வருமாயின் முதலில் உரைத்துப் பார்க்கத்தக்க உரைகல் அதுவே.

ஆயின் ஒன்று கருதத்தக்கது. 1999ஆம் ஆண்டுச் சட்டம் வணிகம் செய்வாரையே பிணிக்கும். பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில் 50,000 ரிங்கிட் வரை கோரலாம் எனினும், பழைய கருவியை விற்ற அண்டை வீட்டார் மீது அங்கு வழக்கிட இயலாது. ஆகவே, பழைய பொருளை வாங்குவோர் பணம் கொடுக்குமுன் விற்பவரின் கணக்கிலிருந்து கருவி நீக்கப்பட்டதா, சந்தா இன்றி அஃது எவ்வளவு இயங்கும், புதியவர் பெயரிற் பதியக் கட்டணம் உண்டா என்னும் மூன்றையும் கேட்டு, கருவியை இயக்கிக் கண்ணாற் கண்டபின்னரே வாங்குதல் வேண்டும்.