உள்ளே சென்றவர் எத்தனை பேர்?

சித்திரைத் திருநாளையொட்டி நம் இல்லங்களில் வேப்பம்பூப் பச்சடியின் மணம் கமழும் ஏப்ரல் 14-ஆம் நாள், பாரத நாட்டின் தீயணைப்பு நிலையங்களுக்கு அஞ்சலி நாளாகும். 1944-ஆம் ஆண்டு அத்தினத்தில், பம்பாய் விக்டோரியா துறையில் நின்ற 'போர்ட் ஸ்டிகின்' என்னும் கப்பலில் தீப்பற்றியது. பஞ்சுப் பொதிகளும் வெடிமருந்தும் அதே கப்பலில் ஏற்றப்பட்டிருந்தன. வீரர்கள் நீரைப் பீய்ச்சிக் கொண்டிருக்கையிலேயே, மாலை 4 மணியளவில் கப்பல் வெடித்துச் சிதறியது. தீயணைப்பு வீரர் 66 பேர் மாண்டனர். அவர்கள் நினைவாகவே அந்நாள் தீயணைப்புச் சேவை தினமாக அனுசரிக்கப்படுகிறது.

பிறர் உயிரைக் காக்கச் செல்வோரின் உயிரைக் காப்பது எங்ஙனம்? வீரம் மட்டும் போதாது, கணக்கும் வேண்டும். உள்ளே சென்றவர் யார், எப்பொழுது சென்றார், திரும்பி வந்தாரா என்னும் மூன்றையும் வெளியில் நிற்கும் தலைவர் எந்நேரமும் அறிந்திருத்தல் வேண்டும். கேட்பதற்கு இஃது எளிது. ஆனால், பல நிலையங்களிலிருந்து வந்தோர் அனைவரும் ஒரே வகைக் கவசமும் முகமூடியும் அணிந்து புகையினுள் நிற்கும்பொழுது, பெற்ற தாய்க்கும் தன் மகன் யாரென்று தெரியாது.

1958 ஜனவரியில் லண்டன் ஸ்மித்பீல்டு இறைச்சிச் சந்தையின் நிலவறையில் தீ மூண்டது. உள்ளே புகுந்தவர்களில் இருவர் உயிருடன் திரும்பவில்லை. அதன் பின்னர் அந்நாட்டில் வில்லை முறை செம்மையாக்கப்பட்டது. மூச்சுக் கருவி அணிந்து உள்ளே செல்பவர் தம் பெயர் பொறித்த வில்லையை வாயிலில் நிற்கும் அதிகாரியிடம் கொடுத்துவிட வேண்டும். புகுந்த நேரமும் உருளையிலுள்ள காற்றின் அளவும் அதில் குறிக்கப்படும். காற்று எப்பொழுது தீரும் என்பதை அதிகாரி கணக்கிடுவார். வெளியே வருபவர் தம் வில்லையைத் திரும்பப் பெற்றுக்கொள்வார். நேரம் கடந்தும் ஒரு வில்லை பலகையிலேயே இருக்குமாயின், ஒரு மனிதர் உள்ளே சிக்கியிருக்கிறார் என்பது பொருள். உடனே அவரைத் தேடி வேறு வீரர் செல்வர்.

ஒரு வாயிலுக்கு இது போதும். பெருந்தீக்கு வேறொரு ஒழுங்கும் தேவைப்பட்டது. 1970-இல் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் 13 நாட்கள் எரிந்த காட்டுத்தீக்களில் 16 பேர் மாண்டனர். அணைக்க வந்த துறைகள் பல. ஒரே பதவிக்கு ஒவ்வொரு துறையிலும் ஒவ்வொரு பெயர்; கம்பியில்லாக் கருவிகளும் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. அந்த அனுபவத்தின் பயனாக, களத்துக்கு ஒரே தலைமை, பதவிகளுக்கு ஒரே பெயர், ஓர் அதிகாரியின் கீழ் ஏறத்தாழ ஐவர் என்னும் நிர்வாக முறை உருவாயிற்று.

அம்முறைக்கும் கடுஞ்சோதனை வந்தது. 2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க் இரட்டைக் கோபுரங்களில் அந்நகரத் தீயணைப்புத் துறையினர் 343 பேர் உயிர் நீத்தனர். எந்தக் குழு எங்கே என்பதைக் காந்தத் துண்டுகளால் பலகையில் குறித்து வந்தனர். கோபுரம் சரிந்தபோது அக்கணக்கும் அழிந்தது. பணிநேரம் முடிந்த வீரர் பலர் அழைப்பை எதிர்பாராமல் வண்டிகளில் ஏறி வந்திருந்தமையால், பட்டியலில் இல்லாதவர்களும் உள்ளே இருந்தனர். அன்பினால் ஓடி வந்தவர்களே கணக்குக்கு எட்டாதவர்களானார்கள். 2004-இல் அந்நாட்டு மத்திய அரசு தன் ஊழியர் அனைவருக்கும் ஒரே தரத்தில் மின்சில்லு பொருந்திய அடையாள அட்டை வழங்க ஆணையிட்டது. அத்தகைய அட்டையை மீட்புப் பணியாளர்களுக்கும் அளித்தால், வந்தவர் மருத்துவரா, மின்பணியாளரா, வெறும் வேடிக்கையாளரா என்பதை வாயிலிலேயே அறியலாம் என்ற கருத்தும் வலுப்பெற்றது.

இன்று கருவிகள் பல உள்ளன. அரை நிமிடம் அளவு அசைவின்றிக் கிடந்தால் தானே அலறும் கருவியை வீரர் அணிகின்றனர். வானொலி அலையால் வருகையைப் பதியும் சிறு வில்லைகளும் உண்டு. ஆயினும் விண்கோள் வழியே இடம் காட்டும் கருவி நிலவறையிலும் கான்கிரீட் சுவர்களுக்குள்ளும் தடுமாறும், மின்கலமும் தீரும். எனவே வாயிலில் நின்று எண்ணும் மனிதரின் தேவை இன்றும் நீங்கவில்லை. நம் நாட்டிலும் 2005-ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தால் அமைந்த தேசிய ஆணையம், 2010-இல் இத்தகைய களநிர்வாக முறைக்கு நெறிகளை வெளியிட்டது.

இதில் நமக்கும் பங்குண்டு. தீயணைப்பு வண்டி வாயிலில் நின்றவுடன் கேட்கப்படும் கேள்வி, “உள்ளே யாரேனும் இருக்கிறார்களா?” என்பதே. 112 என்னும் எண்ணை அழைத்து முகவரியைக் கூறவும், இக்கேள்விக்கு விடை சொல்லவும் தேவையான சில சொற்களை, நாம் வாழும் ஊரின் மொழியில் வீட்டிலுள்ள அனைவரும் பழகிக்கொள்ளுதல் நலம். ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் பாட்டிக்கும் அவற்றைச் சொல்லித் தருக. ஆபத்து நேர்ந்தால் குடும்பத்தினர் கூட வேண்டிய இடம் ஒன்றையும் முன்னரே குறித்துக்கொள்க. பாட்டி கோயிலுக்குச் சென்றிருப்பதை அறியாது “உள்ளே இருக்கிறார்” என்று நாம் பதறிக் கூறினால், அவரைத் தேடி ஒரு வீரர் நெருப்பினுள் புகுவார். அவருக்கும் வீட்டில் ஒரு தாய் காத்திருப்பாள்.