கறவைப் பசுவின் இரைப்பையும் தீனிற் சேர்க்கும் பொருட்களும்



நுவரெலியா, ஹற்றன் பகுதிகளில் மரக்கறி பயிரிடுவோரும் தோட்ட லயங்களில் வசிப்போரும் ஒன்றிரண்டு பிரீசியன் அல்லது ஜேர்சிக் கலப்புப் பசுக்களை வளர்த்து வருகின்றனர். பாலும் கிடைக்கின்றது, கோவாப் பாத்திக்கு எருவும் கிடைக்கின்றது. பால் சேகரிப்பு நிலையத்தில் கொழுப்பின் அளவையும் ஏனைய திண்மங்களின் அளவையும் கொண்டே விலை கணிக்கப்படுவதை அறிவீர்கள். சில வேளைகளில், பாலின் அளவு குறையாதிருக்க, கொழுப்பு மாத்திரம் இறங்கிவிடுவதுண்டு. கைக்கு வரும் பணம் குறைவதோடு, பாலில் ஏதோ கலந்தார் என்ற பழியும் வந்து சேர்கின்றது. இதற்குக் காரணம் பெரும்பாலும் பசுவின் இரைப்பையிலேயே இருக்கின்றது.

பசுவின் இரைப்பை நான்கு அறைகளைக் கொண்டது. அவற்றுள் முதலாவதும் பெரியதுமான அறை, வளர்ந்த பசுவில் 100 லீற்றருக்கு மேலும் கொள்ளக்கூடியது. அதனுள் கோடானுகோடி நுண்ணுயிர்கள் வாழ்கின்றன. புல்லையும் வைக்கோலையும் பசு தானாகச் செரிப்பதில்லை. இந்நுண்ணுயிர்களே அவற்றைப் புளிக்கச் செய்து, சில அமிலங்களாக மாற்றிப் பசுவுக்கு அளிக்கின்றன. நார்த்தீனிலிருந்து மிகுதியாக உண்டாகும் அசற்றிக்கமிலத்தைக் கொண்டே மடி பாற்கொழுப்பின் பெரும்பகுதியை ஆக்குகின்றது. அமிலம் அளவுக்கு மிஞ்சாதவாறு காப்பது உமிழ்நீர். பெரிய கறவைப் பசு நாளொன்றுக்கு 100 லீற்றருக்கு மேலாக உமிழ்நீர் சுரக்கும். அதில் இயற்கையாகவே அப்பச்சோடா போன்ற உப்பு அடங்கியுள்ளது. ஆயினும் அது நன்றாகச் சுரப்பதற்குப் பசு நெடுநேரம் அசைபோடவேண்டும். அசைபோடுவதற்கு நீண்ட நார் வேண்டும்.

மலைநாட்டில் தை, மாசி மாதங்களில் உறைபனி விழுந்து புல் கருகும்போதே தொல்லை தொடங்குகின்றது. புல்லின் குறையை ஈடுசெய்ய மாட்டுத்தீன், சோளத்தூள், தவிடு, கழித்த உருளைக்கிழங்கு ஆகியவற்றை ஒரேயடியாகக் கூட்டிக் கொடுக்கின்றோம். மாவுப்பொருள் விரைவிற் புளித்து அமிலம் பெருகுகின்றது. நாரைச் செரிக்கும் நுண்ணுயிர்கள் ஒடுங்குகின்றன. சாணம் இளகி நுரைக்கும். தீனில் விருப்பம் ஒருநாள் கூடும், மறுநாள் குறையும். சில வாரங்களின் பின் குளம்பு அழன்று பசு நொண்டத் தொடங்கும். மழைச் சேற்றில் நின்றதால் வந்த நோவு என்றே பலர் எண்ணிவிடுகின்றனர்.

கொட்டிலில் இளைப்பாறிப் படுத்திருக்கும் பசுக்களைக் கவனியுங்கள். பாதிக்குமேல் அசைபோட்டுக் கொண்டிருந்தால் அச்சமில்லை. அவ்வாறில்லையெனின், முதலில் நாரைக் கூட்டுங்கள். கோவா இலையில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் நீரேயாகும். அதனால் வயிறு நிரம்பும், அசை வராது. கோவா இலையும் கரட் தழையும் கொடுக்கும் நாட்களில் அவற்றுக்கு முன்னதாக வைக்கோலைக் கொடுங்கள். வலப்பனை, ஹங்குராங்கெத்தை, கொத்மலை வயல்களில் வைக்கோல் உண்டு. அதனைக் களத்திலேயே கொளுத்துவோரைக் காணும்போது வருத்தமாயிருக்கின்றது. தேயிலையை மீள நடுமுன் நிலத்தைத் திருத்துவதற்காக நடப்படும் குவாட்டமாலாப் புல்லும் நல்ல நார்த்தீனே. புரதம் குறைவாதலால் முள்முருங்கை இலையைச் சேர்த்துக் கொடுப்பது நன்று. எதனையும் தூளாக நறுக்கவேண்டாம். இரண்டு விரல் நீளம் இருக்கட்டும். மருந்து தெளித்த இலையையும், பச்சை நிறம் ஏறிய அல்லது முளைவிட்ட உருளைக்கிழங்கையும் கொடுத்தலாகாது. நல்ல கிழங்காயினும் முழுதாகக் கொடுத்தால் தொண்டையில் அடைத்துக்கொள்ளும், வெட்டியே கொடுங்கள்.

அடர்தீனை ஒரு வேளைக்கு 2 கிலோகிராமுக்கு மேற்படாமல், நாளில் மூன்று நான்கு வேளைகளாகப் பகிர்ந்து கொடுங்கள். புதிய தீனுக்கு மாறும்போது இரண்டு வாரம் எடுத்துக்கொண்டு சிறிது சிறிதாக மாற்றுங்கள். நுண்ணுயிர்கள் பழகுவதற்கு அக்காலம் வேண்டும்.

இவ்வளவும் செய்தபின்னரே சேர்மானப் பொருட்களை நாடவேண்டும். கன்று ஈன்ற புதிதில் மிகுந்த பால் தரும் பசுவுக்கு அடர்தீன் கூடுதலாகத் தேவைப்படும். அக்காலத்தில் நாளொன்றுக்கு 100 முதல் 150 கிராம் அப்பச்சோடாவை இரு பங்காக்கி அடர்தீனுடன் நன்கு கலந்து கொடுக்கலாம். குடிக்க நல்ல நீர் எப்பொழுதும் இருக்கவேண்டும். உயிருள்ள ஈஸ்ட் இரைப்பையிலுள்ள சிறிதளவு ஒட்சிசனை உறிஞ்சி, நார் செரிக்கும் நுண்ணுயிர்களுக்கு உதவுகின்றது. இதன் பலன் எல்லாப் பசுக்களிலும் ஒரே அளவாகத் தோன்றுவதில்லை. ஆகையால், பொதியிற் கூறிய அளவின்படி ஒரு மாதம் கொடுத்து, கொழுப்புக் கணக்கைப் பார்த்து, செலவுக்கு ஈடாகாவிடின் நிறுத்திவிடுங்கள்.

நுண்ணுயிர்கொல்லி மருந்துகளை நீங்களாகவே தீனிற் கலக்கவேண்டாம். அவை இரைப்பையின் நன்மை செய்யும் உயிர்களையும் அழிக்கும், பாலிலும் தங்கும். ஐரோப்பிய ஒன்றியம் வளர்ச்சிக்காக இவற்றைத் தீனில் கலப்பதை 2006 ஆம் ஆண்டு தொடக்கம் தடைசெய்துள்ளது.

பசு கயிறறுத்துக்கொண்டு தீன் மூட்டையில் வாய்வைத்து நிறையத் தின்றுவிட்டால், நோய்க்குறி தோன்றும்வரை காத்திராதீர்கள். ஓரிரு நாட்களுக்குள் இறப்பு நேரக்கூடும். மிகுதித் தீனை அகற்றி, வைக்கோலை மாத்திரம் முன்னே போட்டுவிட்டு, உடனே கால்நடை வைத்தியருக்கு அறிவியுங்கள். எவ்வளவு தின்றது, எத்தனை மணிக்குத் தின்றது என்பதைக் குறித்துவைத்துச் சொல்லுங்கள்.