தோளுக்கேற்ற கட்டை!

சட்டை வாங்கப் போனால் ‘38-ஆ, 40-ஆ?’ என்று கேட்கிறார்கள். செருப்புக்கும் நம்பர் உண்டு. துப்பாக்கிக்கு உண்டா?

உண்டு ஸார்! வெள்ளைக்காரன் பட்டாளத்து லீ-என்ஃபீல்டு ரைஃபிளுக்கு நாலு சைஸில் பின்கட்டை இருந்தது. நீளம், சாதாரணம், குட்டை, அதைவிடக் குட்டையாக ‘பான்டம்’. ஒவ்வொன்றுக்கும் அரை அங்குலம் வித்தியாசம். கட்டையிலேயே ஓர் எழுத்தைக் குத்தி அனுப்பிவிடுவார்கள். சிப்பாய்க்கு யூனிஃபார்ம் சரியாக இருந்ததோ இல்லையோ, கட்டை சரியாக இருந்தது.

ஏரியூரில் என் தூரத்து மாமாவுக்கு இந்தச் சலுகை கிடைக்கவில்லை. லைசென்ஸோடு ஒரு .315 ரைஃபிள் வைத்திருக்கிறார். அவர் அப்பா வாங்கியது. மேற்கு வங்காளத்து இஷாப்பூர் ஃபேக்டரி சரக்கு. மாமா ஐந்தடி இரண்டங்குலம். கட்டையோ ஆறடி ஆளுக்குச் செய்தது. கிளப்புக்குப் பயிற்சிக்குப் போய் வந்தால் தோள்பட்டை நாவல்பழ நிறத்தில் கன்றியிருக்கும்!

அளவு பார்ப்பது சுலபம். முழங்கையை மடக்கி, மடிப்பிலிருந்து ஆள்காட்டி விரலின் முதல் கணு வரை அளக்க வேண்டும். ட்ரிகரிலிருந்து கட்டையின் கடைசி வரை ஏறக்குறைய அதே நீளம் இருந்தால் சரி. கூடினால் கட்டை தோள் குழியில் உட்காராமல் புஜத்துக்கு நழுவும். உதை அங்கே விழும்.

அறுத்து ரப்பர் பட்டை ஒட்டலாம். இங்கேதான் என் பி.காம். மூளை வேலை செய்தது. பட்டை ஓர் அங்குலம், குறைய வேண்டியது அரை அங்குலம் என்றால், அறுக்க வேண்டியது ஒன்றரை அங்குலம். வரவையும் பார்த்துத்தானே செலவு!

“அறுக்கறதா? எங்கப்பா கன்னம் பட்டுப் பட்டு வழவழன்னு ஆன கட்டைடா மாப்ளே!” என்று மாமா பதறிவிட்டார். நியாயம்தான். வேறு குட்டைக் கட்டை செய்து பொருத்திக்கொண்டு, பழையதைப் பத்திரமாக வைப்பதே உத்தமம். லீ-என்ஃபீல்டு ஜாதியில் முன்கட்டை தனி, பின்கட்டை தனி. பின்கட்டைக்குள் ஒரு நீள போல்ட் ஓடுகிறது. முன்கட்டையைக் கழற்றாமல் அதைத் திருகினால் முன்கட்டை விரிசல் விட்டுவிடும். மழைக்காலத்தில் மரம் ஈரம் குடித்து ஊதிக் குழலை நெருக்கினாலும் குறி தப்பும். ஃபைபர் கட்டைக்கு அந்தத் தொல்லை இல்லை. ஆனால் அதில் அப்பா இல்லையே!

பென்னாகரத்து ஆசாரி அருமையாக இழைப்பார். ஆனால் 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டப்படி, துப்பாக்கி ரிப்பேரைத் தொழிலாகச் செய்ய அதற்கான லைசென்ஸ் வேண்டும். ஆகவே லைசென்ஸ் உள்ள கன்ஸ்மித்திடம்தான் போக வேண்டும்.

இதே பென்னாகரம், ஒகேனக்கல் காடுகளில் பெங்களூர் கென்னத் ஆண்டர்சன் (1910–1974) .405 வின்செஸ்டரோடு சுற்றினார். அமெரிக்காவின் ரூஸ்வெல்ட் 1909-ல் ஆப்பிரிக்காவுக்குக் கொண்டுபோன அதே ரகம். உதைக்குப் பேர் போனது. அவர் காலம் வேறு. 1972-ல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தாயிற்று. வேட்டைக்குப் போகிறேன் என்று மாமா கிளம்ப முடியாது. காட்டுப்பன்றி கடலைக் காட்டை உழுதாலும் அவர் சுடக் கூடாது. 2025 ஜனவரியில் தமிழக அரசு அறிவித்த ஏற்பாட்டிலும், காப்புக்காட்டிலிருந்து மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் பன்றியைச் சுடும் வேலை வனத்துறைக்குத்தான்.

“அப்ப எதுக்கு மாமா புதுக் கட்டை?” என்றேன்.

“எலெக்‌ஷன் வந்தா ஸ்டேஷனுக்குத் தூக்கிட்டுப் போகணும்ல? பார்க்க லட்சணமா இருக்க வேணாமா?”