லினோ பலகையில் கோலமும் எழுத்தும்

சித்திரம் தீட்டப் பழகாதவர்களும் சித்திரம் அச்சிடலாம் என்று சொன்னால் நம் அன்பர்களுட் பலர் நகைப்பர். எனினும் லினோ அச்சு என்னும் கைத்தொழில் அதற்கு வழி செய்கிறது. சித்தூரிலும் திருப்பதியிலும் வாழும் நம் தமிழ்க் குடும்பத்தார் ஞாயிற்றுக்கிழமைகளில் குழந்தைகளை உடன் வைத்துக்கொண்டு செய்யத்தக்க வேலை இது. சில மாதங்களாக நாமும் அண்டை வீட்டாரும் இதிற் பழகி வருகிறோம். அதனால் அறிந்தவற்றை இங்கே எழுதுகிறோம்.

லினோலியம் என்பது முதலில் தரையில் விரிப்பதற்காகச் செய்யப்பட்ட பொருள். ஆளிவிதை எண்ணெயைக் காற்றுப்படச் செய்து கெட்டியாக்கி, தக்கைத் தூளும் பிசினும் சேர்த்து, சணல் துணியின்மேற் பரப்பிச் செய்வர். பிரெடரிக் வால்ட்டன் என்னும் ஆங்கிலேயர் இதற்கு 1863-இல் காப்புரிமை பெற்றார். மரத்திற்கு இழையோட்டம் உண்டு. அதற்கு மாறாக உளி ஓட்டினால் சிம்பு பெயரும். லினோவுக்கு அந்தத் தொல்லை இல்லை. உளி எப்பக்கமும் வழுவழுவென்று ஓடும். இதனாலேயே வியன்னாவில் பிரான்ஸ் சிசெக் என்னும் ஆசிரியர் குழந்தைகளுக்கு இதைக் கற்பித்தார். பிக்காஸோவும் எழுபது வயதைக் கடந்த பின்னரே இதில் முனைந்து ஈடுபட்டார். இன்று கடைத்தெருவில் தரைக்கென விற்கும் பிளாஸ்டிக் விரிப்பு வேறு; அது இதற்கு உதவாது. சித்திரப் பொருள் விற்கும் கடைகளில் லினோ என்றே கேட்டு வாங்க வேண்டும். முகர்ந்து பார்த்தால் ஆளிவிதை எண்ணெய் மணக்கும்.

தத்துவம் மிக எளிது. நிலைய முத்திரையைக் கையாளாத இரயில்வே குமாஸ்தா உண்டோ? மேடான பகுதி மையை ஏற்கும்; பள்ளமான பகுதி காகிதத்தில் வெள்ளையாக நிற்கும். அவ்வளவே. காந்தியடிகள் தடியூன்றி உப்பு யாத்திரை நடக்கும் படத்தை நந்தலால் போஸ் 1930-இல் லினோவிற் செதுக்கினார். கரிய பின்னணியில் சில வெண்கோடுகள். அவற்றிலேயே அந்த நடையின் உறுதி முழுவதும் தெரிகிறது. பழகுவோர் முதலிற் பார்க்க வேண்டிய படம் அதுவே.

இவ்விடத்தில் நம் இல்லத்துப் பெண்மணிகளுக்கு ஒரு சலுகை உண்டு. காகிதத்திற் கருங்கோடு வரைந்து பழகியவர்கள், செதுக்கும் கோடு வெள்ளையாக வருவதைக் கண்டு முதலில் திகைக்கிறார்கள். கோலமிடுபவர்களுக்கோ, செம்மண்ணின் மேல் வெண்கோடு நாள்தோறும் கண்ட காட்சி. ஆதலின் முதற் பலகைக்குக் கோலத்தையே தேர்ந்துகொள்ளுமாறு சொல்வோம். நான்கு பக்கமும் ஒத்த கோலமாயின் இடம் வலமாக மாறுவது பற்றிய கவலையும் இல்லை. எங்கள் வீதியில் முதன்முதலாக நல்ல அச்சு எடுத்தவர் ஓர் அறுபது வயது அம்மையார். பொறியியற் கல்லூரி மாணவர் இருவர் அவருக்குப் பின்னரே தேறினர்!

உளிகள் இரண்டு போதும்: கோட்டுக்கு வி வடிவம், பரப்பை அகற்ற யு வடிவம். பலகை கடினமாயிருந்தால் சிறிது நேரம் வெயிலில் வைத்தால் இளகிவிடும். குளிர் நாடுகளில் இதற்கென வெந்நீர்ப் பையின்மேல் வைக்கிறார்கள். நம் ஊர் வெயிலுக்கு அச்செலவு இல்லை. பலகையைப் பிடிக்கும் கை எப்போதும் உளிக்குப் பின்னால் இருக்க வேண்டும். வளைவு வரும்போது உளியைத் திருப்பாமல் பலகையைத் திருப்புவதே நன்று. சிறு குழந்தைகளிடம் உளியைக் கொடுத்தல் கூடாது; வெண்டைக்காயைக் குறுக்கே நறுக்கி மையில் தோய்த்து அச்சிடுவது அவர்களுக்குப் போதும்.

அருகில் ஸ்ரீகாளஹஸ்தியின் கலம்காரி இருக்க, இந்த அயல்நாட்டு வேலை எதற்கு என்று கேட்பவர் உளர். திருப்பதியிலிருந்து ரேணிகுண்டா வழியாக இரயிலிற் சென்று அதையும் கண்டு வர வேண்டும் என்பதே எம் விடை. 2022 முதல் அவ்வூர் திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது. அங்கே கடுக்காயும் பாலும் ஊட்டிய துணியின்மீது, இரும்பும் வெல்லமும் ஊறிய கரிய மையைக் கொண்டு, மூங்கிற் கலத்தால் கையாலேயே வரைகிறார்கள். மசூலிப்பட்டினத்து வேலை மர அச்சால் ஆவது. காளஹஸ்தி வேலை பேனாவால் ஆவது. ஒரு திரைக்குப் பல நாள் உழைப்பு. அதன் மறுபடி வேண்டுமானால் மீண்டும் முதலிலிருந்து வரைய வேண்டும். லினோவிலோ ஒரு பலகையிலிருந்து பல அச்சு. ஆயினும் தயக்கமின்றிக் கோடு இழுப்பது எவ்வாறு என்பதை அங்கேதான் கற்கலாம். அத்திரைகளில் இராமாயணக் காட்சியின் கீழ்த் தெலுங்கில் கதை வரிகளும் எழுதுகிறார்கள்.

அவ்வெழுத்துக்களைக் கண்ட பிறகே நம் பிள்ளைகளைத் தமிழெழுத்துச் செதுக்கச் செய்யலாம் எனத் தோன்றிற்று. நம்மவர்களில் சிலர் உத்தியோகத்திற்காக வந்தவர்கள். சிலர் வீட்டைவிட்டு நகராமலே 1953-இல் ஆந்திர மாநிலத்தவர் ஆனவர்களின் வழியினர். இரு சாராரின் பிள்ளைகளும் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள். பள்ளியில் எழுதுவதோ தெலுங்கும் ஆங்கிலமும். பாட்டிக்கு ஒரு கடிதம் எழுதச் சொன்னால் கை நின்றுவிடுகிறது. இன்றைய தெலுங்கில் ழகரம் இல்லை, றகரமும் வழக்கொழிந்தது. பார்த்துப் பழகாத எழுத்து எப்படி மனத்தில் நிற்கும்?

லினோவில் எழுத்தை இடம் வலமாக மாற்றிச் செதுக்க வேண்டும். அப்பொழுது கை தன் வழக்கத்தில் ஓட முடியாது. கண் ஒவ்வொரு வளைவையும் பார்த்தே ஆக வேண்டும். ரெண்டு சுழி எது, மூணு சுழி எது என்று எண்ணாமல் னகரத்தையும் ணகரத்தையும் செதுக்குவது இயலாத காரியம். ழகரத்தின் அடியிலே வளையும் வால் எப்பக்கம் செல்கிறது? எழுத்துக்கு முன் நிற்கும் கொம்பு பலகையில் எங்கே போகிறது? அது வலப்புறம் போய்விடுகிறது என்று கண்டு ஒரு சிறுவன் சிரித்த சிரிப்பு அடங்க வெகு நேரமாயிற்று. மெல்லிய காகிதத்தில் பென்சிலால் எழுதி, அதைக் கவிழ்த்துத் தேய்த்தால் எழுத்து தானாகவே மாறிப் பலகையில் விழும். சுழிக்குள் உளி நுழைய இடம் வேண்டுமாதலால் எழுத்து ஓர் அங்குலத்திற்குக் குறையாமல் இருக்கட்டும். தம் பெயரைத் தமிழில் எழுத மறுத்த பிள்ளைகள் அதைச் செதுக்க மறுக்கவில்லை.

அச்சிடும் முறை வருமாறு. கண்ணாடித் துண்டின்மேல் சிறிது மையை இட்டு ரப்பர் உருளையால் பரப்ப வேண்டும். அப்பளம் பொரிவது போன்ற மெல்லிய ஓசை கேட்டால் மை பதம். பலகைமேல் உருட்டி, காகிதத்தை வைத்து, கரண்டியின் முதுகால் நடுவிலிருந்து ஓரம் நோக்கித் தேய்த்தால் போதும், இயந்திரம் வேண்டாம். நீர் மையைத் தண்ணீரில் கழுவலாம். எண்ணெய் மையாயின் சமையல் எண்ணெய் தோய்த்த துணியால் துடைத்துப் பின் சோப்பிட வேண்டும்.

பொங்கல் வாழ்த்து அட்டை செய்ய விரும்பும் குடும்பத்தார் மார்கழி பிறந்ததும் பலகையைத் தொடங்குவது நலம். எண்ணெய் மை நன்கு உலரச் சில நாள்களாகும். அதுவரை அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்காமல், கொடியிலே கவ்வி மாட்டித் தொங்கவிட வேண்டும்.