நடுவானில் நாடி பார்ப்பது யார்?

2022 ஜூலை 23 அதிகாலை. டெல்லியிலிருந்து ஹைதராபாத் சென்ற விமானத்தில் ஒரு பயணிக்கு உடல்நிலை மோசமானது. மருத்துவர் யாராவது இருக்கிறார்களா என்று விமானப் பணியாளர்கள் கேட்க, எழுந்து வந்தவர் தமிழிசை சௌந்தரராஜன். அப்போது தெலங்கானா ஆளுநர். புதுச்சேரி துணைநிலை ஆளுநர் பொறுப்பும் அவரிடம்தான் இருந்தது. அடிப்படையில் மகப்பேறு மருத்துவர். தன் இதயத்துடிப்பு அப்போது 39தான் இருந்தது என்று உயிர் பிழைத்த பயணி பிறகு சொன்னார். டெங்கு என்பது மருத்துவமனையில்தான் தெரிந்தது.

எல்லா விமானத்திலும் மருத்துவர் இருப்பதில்லை. 2013இல் வெளியான அமெரிக்க ஆய்வின்படி, 604 விமானங்களுக்கு ஒன்றில் மருத்துவ அவசரம் நேர்கிறது. பயணியாக வந்த மருத்துவர் உதவியது அவற்றில் 48 சதவீதத்தில்தான். மயக்கமே முதன்மையான பிரச்சினை.

பறக்கும்போது விமானத்துக்குள் காற்றழுத்தம் 8,000 அடி உயர மலையில் இருப்பதைப் போலக் குறையலாம். ஊட்டியே அதைவிடத் தாழ்வுதான். நல்ல உடல்நலம் உள்ளவருக்கே ரத்த ஆக்சிஜன் சுமார் 4 சதவீதப் புள்ளிகள் இறங்கும். நுரையீரல் நோயாளிக்கு இது ஆபத்தாகலாம். எஞ்சின் இரைச்சலில் ஸ்டெதஸ்கோப்பும் சரியாகக் கேட்காது.

இங்குதான் கம்பியில்லா உணரிகள் கைகொடுக்கின்றன. விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர், சிவப்பு ஒளியையும் அகச்சிவப்பு ஒளியையும் ரத்தம் எவ்வளவு உறிஞ்சுகிறது என்று பார்த்து ஆக்சிஜன் அளவைக் கணிக்கிறது, காது தேவையில்லை. நெஞ்சில் ஒட்டும் பட்டை இதயத்துடிப்பைப் பதிவு செய்யும். இரண்டும் புளூடூத் வழியே பணியாளரின் டேப்லெட்டுக்குத் தகவல் தரும். அங்கிருந்து செயற்கைக்கோள் வழியே தரையிலுள்ள மருத்துவருக்கும் அனுப்பலாம்.

எல்லாப் பயணிகளையும் கண்காணிக்க வேண்டியதில்லை. உடல்நலத் தகவல் அவரவருக்கே உரியது. நோயுள்ளவர் விரும்பிக் கேட்டால் கருவி கிடைக்க வேண்டும், அதைக் கையாளப் பணியாளருக்குப் பயிற்சி வேண்டும். பாரீஸிலுள்ள பிள்ளைகளைப் பார்க்கச் சென்னையிலிருந்து விமானம் ஏறும் புதுச்சேரி முதியவர்கள் பலர். இதய, நுரையீரல் நோய் இருந்தால், பயணச்சீட்டு எடுக்கும் முன்பே மருத்துவரைப் பாருங்கள். விமான நிறுவனத்திடமும் சொல்லிவிடுங்கள்.