வினாடிக்கு 22 அசைகள்

நம்மில் பெரும்பாலோர் வினாடிக்கு எட்டு அசைகள் வரை பேசினால் எப்படியோ பின்தொடர்ந்துவிடுவோம். அதற்கு மேல் முடுக்கினால் காதில் விழுவது வெறும் இரைச்சல்தான். நாள்தோறும் கேட்டுப் பழகிய பார்வையற்றவர்களோ 22 அசைகள் வரை புரிந்துகொள்ளக்கூடும் என்கிறார்கள் ஜெர்மனியின் டூபிங்கன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள். 2013இல் வெளிவந்த அவர்களுடைய ஆய்வில், அதிவேகப் பேச்சைக் கேட்கும்போது பார்வையற்றவர்களின் மூளை ஸ்கேன் செய்யப்பட்டது. மூளையின் பின்புறத்தில் பார்வைக்கென்று அமைந்த பகுதியும் அப்போது சேர்ந்து வேலை செய்தது. கண்ணிலிருந்து சேதி வராத இடம், காதுக்குக் கைகொடுக்கப் போயிருக்கிறது!

இந்தக் காதை நம்பித்தான் பார்வையற்ற நிரலாளர்கள் மென்பொருள் எழுதுகிறார்கள். திரையில் உள்ளதைப் பேச்சாக மாற்றித் தருவது ஸ்கிரீன் ரீடர் எனப்படும் திரை வாசிப்பான். பழகியவர் பக்கத்தில் உட்கார்ந்து அதைக் கேட்டால் நமக்கு ஒரு சொல்கூடப் பிடிபடாது. குரலிலும் இனிமை இராது. மனிதக் குரலைப் பதிவுசெய்து கோத்த குரல்கள் வேகம் கூட்டினால் குழறும். முழுக்கக் கணக்கீட்டால் உருவாகும் இ-ஸ்பீக் போன்ற இயந்திரக் குரல் வேகத்திலும் தெளிவாக இருக்கும், விசையைத் தட்டியதும் பேசும். அது தமிழும் பேசும்.

கதை, செய்தி வாசிக்கையில் நிறுத்தற்குறிகளை விழுங்கினாலும் பொருள் கெடாது. நிரலில் ஓர் அடைப்புக்குறி விட்டுப்போனால் வேலை நின்றுவிடும். அதனால் விண்டோஸுக்கான இலவசத் திரை வாசிப்பானான என்விடிஏவில் இன்சர்ட் விசையோடு பி விசையைத் தட்டி, எல்லாக் குறிகளையும் வாசிக்கும் நிலைக்கு மாற்றிக்கொள்வார்கள். பைத்தான் மொழியின் சின்ன வரி ஒன்று அப்போது "பிரின்ட் லெஃப்ட் பேரன் டோட்டல் ரைட் பேரன்" என்று ஒலிக்கும்.

பைத்தானில் இன்னொரு கண்டம் இருக்கிறது. எந்த வரி எந்தக் கட்டளைக்குள் அடங்கும் என்பதை, வரியின் தொடக்கத்தில் விடும் வெற்றிடமே தீர்மானிக்கிறது. வெற்றிடத்துக்கு ஏது ஒலி? என்விடிஏ இதற்கு ஒரு வழி வைத்திருக்கிறது. வரியின் தொடக்கம் உள்ளே தள்ளிப்போனாலோ வெளியே வந்தாலோ ஒரு சிறு தொனி ஒலிக்கும். ஒவ்வோர் இடைவெளிக்கும் அதன் சுருதி ஏறும். "நான்கு இடைவெளி" என்று சொல்லி முடிக்கும் நேரத்தில், காது சுருதியைப் பிடித்துக்கொண்டு அடுத்த வரிக்கே போய்விடும். இந்தத் துறையில் நான் அறிந்தவற்றுள் மிக அழகான யோசனை இதுதான்.

வண்ணங்களையும் இப்படிக் காதுக்குக் கொண்டுவந்தவர் புனேயில் பிறந்த டி. வி. ராமன். கண்ணழுத்த நோயால் பதினான்கு வயதில் பார்வையை இழந்தவர். மும்பை ஐஐடியிலும் பிறகு அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்திலும் படித்த அவர், 1995இல் ஈமாக்ஸ்பீக் என்ற மென்பொருளை வெளியிட்டார். நிரல் எழுதும் திருத்திகளில் குறிப்புரை ஒரு நிறத்திலும் மொழியின் கட்டளைச்சொற்கள் வேறு நிறத்திலும் தெரியுமல்லவா? ஈமாக்ஸ்பீக்கில் குறிப்புரைக்கு ஒரு குரல், கட்டளைச்சொல்லுக்கு வேறொரு குரல். இது குறிப்புரை என்று தனியே அறிவிக்க வேண்டியதில்லை. குரல் மாறியதுமே தெரிந்துவிடும்.

ஆனாலும் பேச்சு ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வரும். கண் ஒரே வீச்சில் பக்கம் முழுவதையும் மேய்ந்துவிடுகிறது. காதுக்கு அந்தச் சலுகை இல்லை. ஆயிரம் வரி நிரலைக் கேட்டு அதில் பிழை தேடுவது, தொலைபேசியில் ஒருவர் வாசிக்க வாசிக்கக் கணக்கேட்டைத் தணிக்கை செய்வதைப் போன்றது. பெங்களூரில் உள்ள மைக்ரோசாஃப்ட் ஆய்வகம் 2018இல் வெளியிட்ட ஆய்வில் விவரித்த கோட்டாக் என்ற கருவி இந்த இடத்தைத்தான் பிடித்தது. கோப்பில் என்னென்ன செயற்கூறுகள் உள்ளன, நான் இப்போது எதற்குள் நிற்கிறேன் என்பதை ஒரு விசையில் சொல்லும் வசதி அதில் இருந்தது. தட்டச்சு செய்யும்போதே பிழை நேர்ந்தால், சிவப்பு நெளிகோட்டுக்குப் பதில் ஓர் ஒலி எழும். டாக்பாயின்ட் என்று இன்னொன்று: குறித்த வரியை நிரல் கடக்கும்போது, குறித்த சொல்லை வாய்விட்டுச் சொல்லும் அல்லது ஒலி எழுப்பும். இன்று விஷுவல் ஸ்டுடியோ கோட் போன்ற பரவலான திருத்திகளிலும் பிழையுள்ள வரிக்கு வந்தால் ஒலி கேட்கும்படி அமைத்துக்கொள்ளலாம்.

இத்தனையும் ஒரு நிபந்தனையில் நிற்கின்றன. திரையில் தெரியும் படத்தைப் பார்த்துச் சொல்லும் கருவி அல்ல திரை வாசிப்பான்; மென்பொருளிடம் கேட்டுத் தெரிந்துகொள்கிறது. டாஸ் காலத்தில் திரை முழுவதும் எழுத்தாகவே நினைவகத்தில் இருந்தது, எடுத்து வாசித்தால் போதும். விண்டோஸ் வந்ததும் எழுத்துகள் வெறும் புள்ளிகளாயின. விபத்தில் பார்வை இழந்த அமெரிக்கர் டெட் ஹென்டரின் நிறுவனம் உருவாக்கிய ஜாஸ் என்ற திரை வாசிப்பான், 1995இல் விண்டோஸுக்கு வந்தபோது, திரையில் வரையச் சொல்லும் கட்டளைகளை வழிமறித்து, எங்கே என்ன எழுதப்படுகிறது என்று தொகுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. 1997இல் மைக்ரோசாஃப்ட் ஓர் ஏற்பாடு செய்தது: இது பொத்தான், இதன் பெயர் 'சேமி', இப்போது இதை அழுத்த முடியாது என்று மென்பொருளே கேட்பவருக்குச் சொல்லும். இன்று எல்லா முக்கிய இயங்குதளங்களிலும் இப்படி ஒன்று உண்டு.

ஆனால், மென்பொருளை எழுதுபவர் அந்தப் பெயரை எழுதிவைத்திருக்க வேண்டும். வெறும் படத்தைப் போட்டுவிட்டுப் போனால் திரை வாசிப்பான் "பட்டன்" என்று மட்டும் சொல்லும். அடுத்ததும் "பட்டன்". அதற்கடுத்ததும் "பட்டன்". நிரலை ஓட்டும் பொத்தான் எது, அழித்துவிடும் பொத்தான் எது? நிரல் எழுதும் கருவியிலேயே இப்படி நேர்வதை என்னால் சிறு குறையாக எண்ண முடியவில்லை. அதற்குள் நுழைய முடியாதவருக்கு, தனக்கு வேண்டியதைத் தானே செய்துகொள்ளும் வழியும் அடைபட்டுப்போகிறது. வழி திறந்திருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு என்விடிஏவே சாட்சி. 2006இல் அதை எழுதத் தொடங்கிய ஆஸ்திரேலியர் மைக்கேல் கரன், பிறகு அவருடன் சேர்ந்த ஜேம்ஸ் டே, இருவருமே பார்வையற்றவர்கள். அதன் பெரும்பகுதி, வெற்றிடத்தை நம்பும் அதே பைத்தானில் எழுதப்பட்டது.

நீங்கள் செயலியோ இணையதளமோ உருவாக்குபவராக இருந்தால் என்விடிஏவை இறக்கி நிறுவுங்கள். மவுஸைத் தள்ளிவைத்து, திரையை அணைத்துவிட்டு, டேப் விசையை மட்டும் தட்டிக்கொண்டே உங்கள் செயலிக்குள் போய்ப் பாருங்கள். "பட்டன்" என்று மட்டும் ஒலிக்கும் இடங்களையெல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றுக்கும் பெயர் வைக்கப் பெரும்பாலும் ஒரே ஒரு வரி போதும்.